காணொலி முடியும் இடத்தில் அலமாரி திறக்கட்டும்: பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளிக் கல்வித் துறைச் செயலர் அவர்களுக்கும், பள்ளிக் கல்வி இயக்குநர், தொடக்கக் கல்வி இயக்குநர் ஆகியோருக்கும், கல்வித் தொலைக்காட்சியின் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

நான் ஊரகப் பகுதியிலுள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாகப் பணிபுரிகிறேன். தனி நூலகர் இல்லாத பள்ளி என்பதால் நூலகப் பொறுப்பும் என்னிடமே இருக்கிறது. நூலகம் என்று நான் சொல்வது, ஆசிரியர் அறையை ஒட்டிய ஒரு சிறிய அறை, இரண்டு இரும்புப் பீரோக்கள், ஒரு மர அலமாரி, சன்னலோரம் போட்ட ஒரு நீள பெஞ்சு, அவ்வளவுதான். பள்ளி நூலகங்களில் பிள்ளைகளை வாசிக்க வைப்பதற்கு இணையக் காணொலிகளைத் துறை முறையாகப் பயன்படுத்த வேண்டும் என்று கேட்பதற்காகவும், அந்த முயற்சி வெற்றி பெற்றதா என்பதை எதைக் கொண்டு அளக்க வேண்டும் என்று எனக்குப் பட்டதைச் சொல்வதற்காகவும் இம்மடலை எழுதுகிறேன்.

இதற்கு வேண்டியவற்றில் பெரும்பகுதியைத் துறை ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது. 2018இல் வந்த புதிய பாடநூல்களிலேயே கியூஆர் குறியீடுகள் இடம்பெற்றன. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. அதன் நிகழ்ச்சிகள் யூடியூபிலும் கிடைக்கின்றன. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்தன, தொடக்கப் பள்ளிகளுக்குத் திறன்மிகு வகுப்பறைகள் வந்திருக்கின்றன. புத்தகத்தின் பக்கமும் அப்படித்தான்: ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்கள் வருகின்றன, வாசிப்பு இயக்கத்தின் வழியாக நுழை, நட, ஓடு, பற என்று பிள்ளைகளின் வாசிப்புத் திறனுக்கேற்ப நான்கு நிலைகளில் அழகான சிறு நூல்கள் வந்தன. வாரத்தில் ஒரு நூலகப் பாடவேளையும் கால அட்டவணையில் இருக்கிறது. திரையும் இருக்கிறது, புத்தகமும் இருக்கிறது. ஆனால் திரையில் ஓடுவதற்கும் பீரோவில் இருப்பதற்கும் எந்தத் தொடர்பும் இல்லாமல், இரண்டும் ஒரே கட்டடத்தில் அறிமுகமில்லாத இருவரைப் போல இருந்து வருகின்றன.

இதைச் சொல்லும் முன் நானே செய்த ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நூலகப் பாடவேளையில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை உயர்தொழில்நுட்ப ஆய்வகத்துக்கு அழைத்துச் சென்று, ஒரு சிறார் கதையை முழுமையாக வாசித்துக் காட்டும் காணொலி ஒன்றைத் திரையிட்டேன். ஏறத்தாழ பன்னிரண்டு நிமிடம். நல்ல குரல், பின்னணி இசை, ஒவ்வொரு பக்கத்துக்கும் படம். பிள்ளைகள் மூச்சு விடாமல் பார்த்தார்கள். மணி அடித்ததும், “தமிழம்மா, அடுத்த வாரமும் வேற கதை போடுவீங்களா?” என்று கேட்டார்கள். எனக்கு ஒரே மகிழ்ச்சி. மாலையில் நூல் வழங்கல் பதிவேட்டை எடுத்தபோதுதான் உறைத்தது. அந்தக் கதையின் புத்தகம் எங்கள் பீரோவிலேயே இருந்தது. அன்றைக்கு அதை நான் மேசை மேல் எடுத்தும் வைத்திருந்தேன். ஒரு பிள்ளைகூட அதைக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. எடுக்க வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லை. கதை முடிந்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்து வேறு விதமாக முயன்றோம். அதே வகுப்பிலிருந்து வாசிப்பில் ஆர்வமுள்ள ஒரு மாணவியைச் சன்னலோர வெளிச்சத்தில் உட்கார வைத்து, அகராதிகளை அடுக்கி அதன்மேல் என் கைபேசியைச் சாய்த்து வைத்தேன். தான் படித்து முடித்திருந்த ஒரு கதைப் புத்தகத்தின் முதல் இரண்டு பக்கங்களை அவள் வாசித்தாள். கதையில் வரும் தாத்தா, பரணிலிருந்து இறக்கிய தகரப் பெட்டியின் பூட்டைத் திறக்கும் இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, “பெட்டிக்குள்ள என்ன இருந்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். புத்தகம் நம்ம பீரோவுல ரெண்டாவது தட்டுல இருக்கு, நீல அட்டை” என்றாள். மொத்தம் இரண்டரை நிமிடம். அந்தக் கடைசி வரி நான் சொல்லிக் கொடுத்ததல்ல, அவளாகச் சொன்னது. மறுநாள் ஆறு, ஏழாம் வகுப்புகளுக்கு அதைத் திரையிட்டோம். இடைவேளையில் பீரோவின் முன்னால் பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு நின்றார்கள். நான் பொறுப்பேற்ற நாளிலிருந்து அதுவரை நீல அட்டைப் புத்தகம் என்று கேட்டு ஒருவரும் அந்த அறைக்கு வந்ததில்லை.

இந்த இரண்டு நாள்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடுதான் இம்மடலில் நான் சொல்ல வந்த செய்தி. புத்தகத்தின் வேலையை முழுவதுமாகத் தானே செய்து முடித்துவிடும் காணொலி பிள்ளையைத் திரையிலேயே இருத்திவிடுகிறது. புத்தகம் தொடங்கும் இடத்தில் நின்றுவிடும் காணொலிதான் அவனை அலமாரிக்கு அனுப்புகிறது. கதையை முழுமையாக வாசித்துக் காட்டும் காணொலிகளை நான் குறைவாக மதிப்பிடவில்லை. பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கும், எழுத்துக் கூட்டத் தொடங்கியிருக்கும் சிறுவர்களுக்கும், வாசித்துக் காட்ட வீட்டில் ஆள் இல்லாதவர்களுக்கும் அவை பெரும் துணை. ஆனால் பள்ளி நூலகத்திலுள்ள நூல்களைப் பிள்ளைகள் எடுத்துப் படிக்க வேண்டும் என்பது நோக்கமானால், தேவைப்படுவது குறுகிய, நடுவில் நிற்கும், எந்தத் தட்டில் எந்தப் புத்தகம் என்று சொல்லி முடிகிற அறிமுகக் காணொலிதான்.

நீல அட்டைப் புத்தகத்துக்கு என்ன ஆயிற்று என்பதையும் தாங்கள் அறிய வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரே பிரதி. கேட்டவர்களின் பெயர்களைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். இருபத்து மூன்று பெயர்கள். ஆளுக்கு இரண்டு நாள் என்று சுற்றுக்கு விட்டோம். நடுவில் தையல் விட்டுத் தாள்கள் கையோடு வரத் தொடங்கின. அலுவலக உதவியாளர் கோணி ஊசியும் சணல் நூலும் கொண்டு தைத்துக் கொடுத்தார். பட்டியலின் கடைசியில் இருந்த ஒரு மாணவனுக்கு ஏழாவது வாரத்தில்தான் புத்தகம் கிடைத்தது. மறுநாள் காலையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டான். “எல்லாரும் சொல்லிட்டாங்க டீச்சர், பெட்டிக்குள்ள என்ன இருந்துச்சுன்னு” என்றான். அவனுக்கு அந்தப் புத்தகத்தின்மேல் ஆசையை மூட்டியதும் நான்தான், அந்த ஆசை ஆறிப்போகும்வரை காக்க வைத்ததும் நான்தான்.

எனவே முதல் வேண்டுகோள், காணொலியைப் பற்றியதல்ல, பிரதிகளைப் பற்றியது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பள்ளியின் நிலைக்கேற்ப ஆண்டுக்கு 5,000 ரூபாயிலிருந்து 20,000 ரூபாய் வரை நூலக மானியம் வழங்க வழிவகை இருக்கிறது. அந்தத் தொகையில் வாங்கும்போது ஒரு தலைப்புக்கு ஒரு பிரதி என்று வாங்கி எண்ணிக்கையைக் கூட்டுவதே வழக்கமாக இருக்கிறது. இருப்புப் பதிவேட்டில் பார்க்க அது நிறைவாகத் தெரியும். அந்த வழக்கத்தைச் சற்று மாற்றி, ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு தலைப்புகளையாவது தேர்ந்து, ஒவ்வொன்றிலும் ஐந்து பிரதிகளாவது ஒவ்வொரு பள்ளிக்கும் போய்ச் சேரும்படி செய்து, அந்தத் தலைப்புகளுக்கு மட்டும் முதலில் காணொலி எடுக்க வேண்டும். புத்தகம் பள்ளிக்கு வந்து சேர்ந்த பிறகே காணொலி ஒளிபரப்பாக வேண்டும். ஒரு வாரம் முந்தினாலும் அது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கண்ணில் காட்டிக் கையில் கொடுக்காத தின்பண்டமாகிவிடும்.

இரண்டாவது வேண்டுகோள், இந்தக் காணொலிகளைப் பெரும்பாலும் பிள்ளைகளே செய்ய வேண்டும் என்பது. ஒளிப்பதிவுக் கூடத்தில் தேர்ந்த கலைஞர் ஒருவர் புத்தகத்தை அறிமுகம் செய்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் பக்கத்து பெஞ்சில் உட்காரும் பிள்ளை “நான் படிச்சேன், நல்லா இருந்துச்சு” என்று சொல்வதற்கு இணையான பரிந்துரை கிடையாது. அமெரிக்காவில் 1983 முதல் 2006 வரை பொதுத் தொலைக்காட்சியில் வந்த ‘ரீடிங் ரெயின்போ’ என்ற வாசிப்பு நிகழ்ச்சியில் நூல்களைப் பரிந்துரைக்கும் பகுதியைக் குழந்தைகளிடமே விட்டிருந்தார்கள். பெரியவர்கள் “படி” என்று சொல்வதில் அறிவுரையின் வாடை வந்துவிடுகிறது. அதைப் பிள்ளைகள் தொலைவிலிருந்தே கண்டுகொள்கிறார்கள்.

பிள்ளைகளே செய்வதில் நான் எதிர்பாராத இன்னொரு பயனும் இருந்தது. எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன், வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். திக்கித் திணறி ஒரு வரியை முடிப்பதற்குள் பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்டுவிடும். காணொலியில் தன் குரலும் வர வேண்டும் என்று அவனாகவே வந்து கேட்டான். அரைப் பக்கம் கொடுத்தேன். முதல் முறை மூன்று இடத்தில் தடுக்கியது; “அழிச்சிட்டு மறுபடி எடுக்கலாமா டீச்சர்?” என்றான். அழித்தோம். மறுபடி வாசித்தான். மதிய உணவு இடைவேளை முடிவதற்குள் அந்த அரைப் பக்கத்தை அவன் பதினோரு முறை வாசித்திருந்தான், நான் ஒருமுறைகூட அவனை வற்புறுத்தவில்லை. ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப உரக்க வாசிப்பதால் சரளம் கூடும் என்பது வாசிப்புப் பயிற்சியில் நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி. ஆனால் வகுப்பறையில் ஒரு பகுதியை இரண்டாம் முறை வாசி என்றாலே அது தண்டனை போல ஆகிவிடுகிறது. தவற்றை யாரும் பார்க்கும் முன் அழித்துவிடலாம் என்ற உறுதியை அந்தக் கைபேசி அவனுக்குக் கொடுத்தது. அந்த உறுதியை அதுவரை என் வகுப்பறை அவனுக்குக் கொடுத்ததில்லை.

அடுத்து, திரையின் அடியில் எழுத்து ஓட வேண்டும் என்பதை வலியுறுத்திக் கேட்கிறேன். பேசப்படும் மொழியிலேயே, பேசப்படும் சொல் நிறம் மாறிக் காட்டும்படி எழுத்தை ஓடவிடும் முறையை அகமதாபாத் இந்திய மேலாண்மை நிறுவனத்தில் 1990களின் நடுவில் பிரிஜ் கோத்தாரி முன்வைத்தார். 1999இல் தூர்தர்ஷனின் குஜராத்தித் திரைப்பாடல் நிகழ்ச்சியில் அது நடைமுறைக்கு வந்தது. பாட்டைக் கேட்கிறவர் தம்மை அறியாமலேயே எழுத்தையும் பார்க்கிறார் என்பதுதான் அதன் அடிப்படை. அவர் பின்னாளில் தொடங்கிய புக்பாக்ஸ் என்ற நிறுவனம், இதே முறையில் இயங்குபடக் கதைகளைத் தமிழிலும் தந்திருக்கிறது. எழுத்தோடு கூடிய ஒரு காணொலியை எங்கள் பள்ளியில் திரையிட்டபோது, முன்வரிசையில் இருந்த இரண்டு ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் உதடசைத்து வாசித்துக்கொண்டே வந்ததையும், ஒரு பையன் காற்றில் விரலை நகர்த்திக்கொண்டே பார்த்ததையும் கண்டேன். இதற்கு ஆகும் கூடுதல் செலவு மிகக் குறைவு. இயந்திரம் தானாகப் போடும் எழுத்தை அப்படியே விட்டுவிடாமல், ஒற்றும் லகர ளகர ழகரமும் சரியாக இருக்கின்றனவா என்று ஒரு தமிழாசிரியர் பார்த்துத் திருத்தினால் போதும். பிழையோடு ஓடும் எழுத்து, எழுத்தே இல்லாததைவிடக் கேடு செய்யும்.

பிள்ளைகளின் முகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் முதல் காணொலிகளில் ஒன்றை ஒரு பெற்றோர் பெருமையோடு ஊர் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தார். அதற்குக் கீழே யாரோ ஒருவர் அதில் வாசித்த மாணவியின் நிறத்தைக் குறித்து எழுதிய ஒரு வரி, அவள் கண்ணிலும் பட்டுவிட்டது. மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை. அதன் பிறகு முகத்தைக் காட்டுவதையே நிறுத்திவிட்டோம்: விரித்த புத்தகம், வரியின்மேல் நகரும் விரல், பிள்ளையின் குரல், இவை மூன்று மட்டும். காணொலியின் ஈர்ப்பு இதனால் துளியும் குறையவில்லை. பார்ப்பவரின் கண் புத்தகத்தின்மேலேயே இருப்பதால் கூடியிருக்கிறது என்றுகூடச் சொல்வேன். 2023ஆம் ஆண்டின் மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் தரவுகளுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கோருகிறது. முகமும் பெயரும் ஊரும் வராமல் எடுப்பது என்ற விதியைத் துறையே வகுத்துவிட்டால் ஆசிரியர்கள் அச்சமின்றிச் செய்ய முடியும். பொதுவெளியில் பதிவேற்றுபவற்றைக் குழந்தைகளுக்கானவை என்று குறித்துவிட்டால் யூடியூப் அவற்றின்கீழ் கருத்துகள் எழுதுவதைத் தடுத்துவிடுகிறது. அதையும் கட்டாயமாக்க வேண்டும்.

பிள்ளைகளைத் திரையிலிருந்து விலக்குவதற்குத்தானே நூலகம், அங்கேயும் திரையைக் கொண்டுவரலாமா என்று உடன் பணிபுரியும் ஆசிரியர்கள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 2020 செப்டம்பரில் இந்தியாவில் யூடியூப் ஷார்ட்ஸ் வந்ததிலிருந்து, ஒன்றைப் பார்த்து முடிக்கும் முன் விரல் அடுத்ததைத் தள்ளுவது பிள்ளைகளின் பழக்கமாகியிருப்பதை நாங்கள் கண்ணெதிரே பார்க்கிறோம். வீட்டுக் கைபேசியில் இந்த இணைப்பைப் பாருங்கள் என்று அனுப்பினால், எங்கள் இரண்டரை நிமிடம் அந்த வெள்ளத்தில் ஒரு துளியாகப் போய்விடும். ஆகவே இவற்றைப் பதிவிறக்கி, பென் டிரைவில் வைத்து, பள்ளித் திரையில், நூலகப் பாடவேளையின் தொடக்கத்தில், பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு திரையிடுவதையே முதன்மை வழியாகக் கொள்ள வேண்டும். ஒன்று பார்த்ததும் திரையை அணைத்துவிட வேண்டும். எஞ்சிய பாடவேளை முழுவதும் புத்தகத்துக்கு. இணைய வேகம் குறைந்த ஊர்களுக்கும் இதுவே ஏற்ற வழி. புத்தகத்தின் உள்ளட்டையில் கியூஆர் குறியீடு ஒட்டி, படித்து முடித்த பிள்ளை அதே புத்தகத்தைப் பற்றி வேறு ஊர்ப் பள்ளிப் பிள்ளை என்ன சொன்னான் என்று கேட்கும்படியும் செய்யலாம்.

பதிப்புரிமை பற்றிச் சுருக்கமாக. பாரதியார் தொடங்கி, நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்களுக்குத் தடையில்லை. அவற்றில் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் இணையத்தில் வைத்திருக்கிறது. பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் தளத்திலுள்ள தமிழ்ச் சிறார் நூல்கள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. மற்ற நூல்களுக்கு, இரண்டு பக்கம் வாசித்து அறிமுகம் செய்வதற்கான பொது அனுமதியைத் துறையே பதிப்பகங்களிடம் ஒருமுறை எழுதிப் பெற்றுவிட வேண்டும். ஒவ்வோர் ஆசிரியரும் தனித்தனியே கேட்டுக்கொண்டிருப்பது நடக்காத காரியம்.

இவை எல்லாவற்றையும் செய்து, பீரோ மட்டும் பூட்டியிருந்தால் பயனில்லை. முன்பு நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் நூலகப் பீரோ திறந்து நான் பார்த்ததே ஆண்டுக்கு ஒருமுறை, இருப்புச் சரிபார்ப்பின்போதுதான். பொறுப்பிலிருந்தவர் புத்தகத்தை வெறுத்தவர் அல்லர். ஒரு புத்தகம் தொலைந்தால் தம் கையிலிருந்து கட்ட வேண்டியிருக்குமோ என்ற அச்சம் அவரை அப்படி ஆக்கியிருந்தது. அந்த அச்சம் இன்றும் எங்களில் பலருக்கு இருக்கிறது. பிள்ளைகள் படித்துக் கிழிந்த, தொலைந்த நூல்களை ஆண்டுதோறும் ஒரு குறிப்பிட்ட விழுக்காடு வரை, தலைமையாசிரியரின் கையொப்பத்தோடு, கேள்வியின்றிப் பதிவேட்டிலிருந்து நீக்கலாம் என்று ஒரு தெளிவான சுற்றறிக்கை எல்லாப் பள்ளிகளுக்கும் வர வேண்டும். சணல் நூலால் தைத்த எங்கள் நீல அட்டைப் புத்தகம் இருப்புச் சரிபார்ப்பில் சேதமடைந்தது என்று குறிக்கப்படும். என்னைக் கேட்டால், எங்கள் பள்ளியிலேயே நன்றாகப் பயன்பட்ட அரசுச் சொத்து அதுதான்.

இறுதியாக, அளவுகோல். காணொலிகள் என்று தொடங்கியதும் எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை விருப்பக்குறி என்று வட்டாரத்துக்கு வட்டாரம் ஒப்பிடும் பட்டியல் வந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். அப்படி வந்தால் பெற்றோரையும் உறவினரையும் பார்க்கச் சொல்லி எண்ணிக்கையைக் கூட்டும் வேலைதான் நடக்கும். சீர்காழியில் பிறந்து, நூலகவியலுக்கு உலகமே ஏற்ற விதிகளைத் தந்த எஸ். ஆர். ரங்கநாதன், 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. மூன்றாவது ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் என்பது. அவர் மொழியில் கேட்டால், ஒரு காணொலி எத்தனை கண்களை எட்டியது என்பது கேள்வியே அன்று. வாசகரின்றிக் கிடந்த எத்தனை நூல்களுக்கு அது வாசகரைத் தேடித் தந்தது என்பதே கேள்வி. அதற்கான விடை எந்தச் செயலியிலும் இல்லை. தேதி, பெயர், நூல், கையொப்பம் என்று நான்கு கட்டங்கள் போட்ட வழங்கல் பதிவேட்டில் இருக்கிறது. காணொலி திரையிட்ட வாரத்துக்கு முந்தைய பக்கத்தையும் பிந்தைய பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். துறை கேட்பதானால் அந்த இரண்டு பக்கங்களைக் கேட்கட்டும்.

நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம் வருகிறது. அதற்குள் எல்லாப் பள்ளிகளிலும் தொடங்குவது இயலாது என்பதை அறிவேன். ஒரு மாவட்டத்தில், ஓர் ஒன்றியத்தில், ஐந்து தலைப்புகளோடு தொடங்கினால்கூடப் போதும். எங்கள் பள்ளியைத் தேர்ந்தால் மகிழ்வேன். தேராவிட்டாலும், பிள்ளைகள் இதுவரை எடுத்த காணொலிகளையும் எங்கள் வழங்கல் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு, தாங்கள் சொல்லும் நாளில் நேரில் வந்து காட்ட அணியமாக இருக்கிறேன். நீல அட்டைப் புத்தகத்துக்கு, அந்தப் பட்டியலுக்குப் பிறகு கேட்ட ஒன்பது பேர் இன்னும் காத்திருக்கிறார்கள். இரண்டாவது பிரதிக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அரசு உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியை, நூலகப் பொறுப்பாசிரியை